பொட்டு வைத்த கெட்டிக்கோல்

கோல்ஃப் திடலில் ஏழாம் குழிக்கு முன்னால் கிடக்கும் குளத்துக்கு இனித் தம் கையால் ஒரு பந்தும் கொடுப்பதில்லை என்று பல் டாக்டர் சபதம் செய்தார். பெரிய சபதங்களை நிமிர்ந்து நின்று, வலக்கையை உயர்த்திச் செய்வதே முறை. அவரும் நிமிர்ந்து நின்றார், வலக்கையையும் உயர்த்தினார். அந்தக் கையில் பல் துலக்கும் பிரஷ் இருந்தது. வாய் நிறைய நுரை இருந்தது. ஆகையால் சமையலறையில் இருந்த மனைவியின் காதுக்கு அந்தச் சபதம் ஒரு நீண்ட கொப்பளிப்பாகவே போய்ச் சேர்ந்தது.

“துப்பிட்டுச் சொல்லுங்க,” என்றார் அம்மையார்.

துப்பினார். சொன்னார்.

“இதுக்கா இவ்வளவு நுரை? நேத்து உங்க கால்சட்டை முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருந்தப்பவே தெரியும். பந்தைத் தேடினீங்களா, இல்ல குளிச்சுட்டே வந்துட்டீங்களா?”

டாக்டர் மறுபடியும் வாயில் நீரை நிரப்பிக்கொண்டார். சொல்ல முடியாத இடங்களில் மௌனம் காப்பது ஞானிகளின் வழக்கம். கணவர்களுக்கும் அதுவே வழக்கம். ஞானிகள் விரும்பிக் காப்பார்கள் என்பது மட்டுமே வேறுபாடு.

ஞாயிறுதோறும் காலையில் அவர் கோல்ஃப் ஆடப் போவார். துணைக்கு அவருடைய சகலை வருவார். மனைவியின் அக்காவை மணந்தவர், கட்டடப் பொறியாளர், தாம் கட்டிய பாலங்களைப் போலவே எதையும் தாண்டிவிடுவோம் என்ற நம்பிக்கையுள்ளவர். ஏழாம் குழியில் அவர் அடித்த பந்து குளத்தைத் தாண்டி அக்கரைப் புல்லில் போய் உட்காரும். டாக்டர் அடித்த பந்து குளத்தின் நடுவில் ஒரு வட்டம் வரைந்துவிட்டு மறைந்துபோகும். அப்போது சகலை தவறாமல் ஒரு வார்த்தை சொல்வார்.

“சகலை, இந்தக் குளத்து மீனுக்கெல்லாம் பல் இருந்தா, உங்க பந்தைக் கடிச்சுக் கடிச்சே பாதி உடைஞ்சிருக்கும். வைத்தியத்துக்கும் உங்ககிட்டதான் வரணும். நல்ல வியாபாரம்தான்.”

இந்தப் பேச்சைப் பொறுத்துக்கொண்டவர், இதைவிடப் பெரிய ஓர் ஆபத்தைப் பொறுக்க இயலாமல்தான் சபதம் செய்தார். வீட்டில் ஒரு பரண் இருந்தது. வேண்டாத பொருள்களெல்லாம் முத்தி பெற்று ஒதுங்கும் இடம் அது. சிலந்திகள் அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தன. அதைச் சுத்தம் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்று அம்மையார் கேட்கும்போதெல்லாம், டாக்டருக்கு ஆட்டம் இருந்தது. ஆட்டம் இல்லாதபோது முதுகுவலி இருந்தது. ஆனால் தோற்று நனைந்து வருகிற மனிதன் எத்தனை நாள்தான் ஆட்டத்தின் பெயரைச் சொல்லித் தப்புவது? குளத்தைத் தாண்டினால் ஞாயிறு பிழைக்கும். தாண்டாவிட்டால் பரண்தான்.

குற்றம் தம்மிடம் இல்லை, கோலில் இருக்கிறது என்று டாக்டர் முடிவு கட்டினார். நீளமான இரும்புக் கோல்கள் தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கே வசப்படும், பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்கள் ஹைபிரிட் வாங்கிக்கொள்வது நல்லது என்று படித்திருந்தார். படித்ததைக் காலை உணவின்போது எடுத்து விளக்கினார்.

“மரக்கோல்னு ஒண்ணு இருக்கு, அதுல பெரியதுக்கு டிரைவர்னு பேர். தூரமாப் போகும், ஆனா சொன்ன பேச்சைக் கேக்காது. அயர்ன்னு ஒண்ணு இருக்கு. அது நேராப் போகும், ஆனா பந்தை மேல தூக்காது. இந்த ரெண்டுக்கும் நடுவுல பிறந்ததுதான் ஹைபிரிட்.”

“ரெண்டுங்கெட்டானா?”

“ரெண்டும் சேர்ந்தது. மரத்தோட தலை, இரும்போட உடம்பு.”

“வீட்ல ஒரு சட்டையை அயர்ன் பண்ணத் தெரியலை. பையில மட்டும் வரிசையா அயர்ன். வண்டி ஓட்ட நான். பையில இருக்கறது டிரைவர். இப்ப கலப்படம் வேறயா?”

“கலப்படம் இல்லம்மா. கலப்பினம்.”

இறைவனே தன் உடம்பில் பாதியை அம்மைக்குப் பங்கிட்டுக் கொடுத்து நிற்கிறபோது, ஒரு கோலில் இரண்டு இயல்பு கலந்து நிற்பதில் என்ன குறை என்று டாக்டர் கேட்க நினைத்தார். அந்தப் பாதியில் தொடங்கும் பேச்சு எந்தப் பாதியில் முடியும் என்று யோசித்து, கேட்காமல் விட்டார்.

விளையாட்டுச் சாமான் கடைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். பக்கத்துக் கடையில் திரைச்சீலை பார்க்க வந்த அம்மையார், கூடவே இங்கும் நுழைந்துவிட்டார். கடைக்காரர் டாக்டரை ஒரு வலையின் முன் நிறுத்திச் சில பந்துகளை அடிக்கச் சொன்னார். வீச்சின் வேகத்தை ஓர் இயந்திரம் அளந்தது. திரையில் வந்த எண்ணைக் கடைக்காரர் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், மறுபடியும் எண்ணைப் பார்த்து, இயந்திரத்தை ஒரு தட்டுத் தட்டினார். எண் மாறவில்லை.

“சார், தலை எல்லாத்துக்கும் ஒண்ணுதான். தண்டைத்தான் பாத்து எடுக்கணும். வேகமா வீசறவங்களுக்குக் கெட்டித் தண்டு, எஸ்னு எழுதியிருக்கும். நடுத்தரத்துக்கு ஆர். அப்புறம், நல்லா வளைஞ்சு குடுக்கற இளந்தண்டு, எல். நம்மள மாதிரி நிதானமா வீசறவங்களுக்குப் பந்தை அதுதான் தூக்கிக் குடுக்கும்.”

“எல்லுன்னா என்ன?” என்று கேட்டார் அம்மையார்.

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். “லைட்டுன்னு வச்சுக்கங்களேன் மேடம்.”

“வச்சுக்கறது இருக்கட்டும். என்னன்னு எழுதியிருக்காங்க?”

“லேடீஸ்.”

டாக்டரின் காது மடல்கள் சிவந்தன. “எனக்கு எஸ்தான் வேணும்,” என்றார். கடை முழுதும் கேட்கும்படி சொன்னார். “என் சகலை கையில இருக்கறதும் கெட்டித் தண்டுதான்.”

“உங்க வேகத்துக்குக் கெட்டி ஒத்து வராது சார். உலக்கையை வீசற மாதிரி இருக்கும்.”

“வீசிட்டுப் போறேன். உலக்கையும் கோல்தானே?”

வாடிக்கையாளரை இழக்க விரும்பாத கடைக்காரர் ஒரு வழி சொன்னார். ஒரே தலை, ஒரே பிடி, தண்டு மட்டும் வெவ்வேறான மூன்று கோல்களைச் சோதித்துப் பார்க்கக் கொடுத்தனுப்பினார். எது பிடிக்கிறதோ அதைப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.

அன்று மாலை கூடத்துச் சுவரில் கோல்கள் மூன்றும் சாய்ந்து நின்றன. அம்மையார் அவற்றை ஏற இறங்கப் பார்த்தார். அவர் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். தமக்கு எந்தக் கண்ணாடி பொருந்தும் என்று தெரியாமல், எது அழகு என்று மட்டும் தெரிந்து வருகிற ஆண்களை நாள்தோறும் கையாள்பவர்.

“ஏங்க, உங்ககிட்ட வர்ற பேஷண்ட்டுக்கெல்லாம் என்ன சொல்றீங்க? கெட்டி பிரஷ் வேண்டாம், ஈறு போயிடும், சாஃப்ட்தான் நல்லதுன்னு சொல்றதில்ல?”

“அது பல்லு. இது ஆட்டம்.”

“சரி. நான் கண்ணை எப்படி டெஸ்ட் பண்றேன்? கண்ணாடிவில்லையோட நம்பரைச் சொல்லவே மாட்டேன். இது தெளிவா, அது தெளிவான்னு மட்டும் கேப்பேன். நம்பரைச் சொன்னா வீம்புக்குச் சின்ன நம்பர்தான் கேப்பாங்க. உங்களுக்கும் அப்படியே வச்சுக்கலாம். எழுத்து மேல டேப் ஒட்டிடறேன். அடிச்சுப் பாத்து நீங்களே சொல்லுங்க.”

“சொன்னா?”

“நீங்க எடுக்கறது எஸ்ஸா இருந்தா வாங்கிக்கங்க. ஞாயித்துக்கிழமை முழுக்க உங்களுது. பரண்ங்கற பேச்சையே எடுக்க மாட்டேன்.”

“இல்லாட்டி?”

“எந்த எழுத்தோ அதை வாங்கிக்கங்க. பரண் முடியற வரைக்கும் ஞாயித்துக்கிழமை எனக்கு.”

டாக்டர் உடனே ஒப்புக்கொண்டார். பரணிலிருந்து எஸ் ஆவதற்கு எஸ் என்ற எழுத்தே வாய்த்தது தெய்வச் செயல் என்று அவருக்குத் தோன்றியது.

“சனிக்கிழமை சாயங்காலம் அந்த ஏழாம் குழியிலயே அடிச்சுப் பாத்துடறேன். சகலையும் வரட்டும். சாட்சி வேணும்.”

“தாராளமா,” என்றார் அம்மையார். கறுப்பு டேப்பை எடுத்து மூன்று தண்டிலும் எழுத்து மறையச் சுற்றினார். பிறகு கோல்களைச் சாமான் அறையில் வைத்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்யப் பால்கனிக்குப் போனார்.

மனிதனை மயக்கும் மலங்களில் ஆணவம் முதலாவது. அது தனியாக வருவதில்லை. தன் தம்பியாகிய கள்ளத்தனத்தையும் கையைப் பிடித்து அழைத்து வரும். பால்கனியில் அம்மையார் அக்காவோடு பேசிச் சிரிக்கும் ஓசை கேட்டுக்கொண்டிருக்க, டாக்டர் சாமான் அறைக்குள் நுழைந்தார். சட்டைப் பையில் பல்லிடுக்கைத் துழாவும் மெல்லிய ஊசி இருந்தது. எத்தனையோ பேரின் கடைவாயில் வலிக்காமல் புகுந்த அந்த ஊசியால் டேப்பின் ஓரத்தை நெகிழ்த்தினார். ஆர். மூடினார். எல். முகத்தைச் சுளித்து மூடினார். எஸ். அந்தத் தண்டை அடியாரைக் கண்ட ஆண்டவனைப் போல அருள்கூர்ந்து பார்த்தார்.

இனி அடையாளம் வேண்டும். அலமாரியில் மனைவியின் நகப்பூச்சுக் குப்பி இருந்தது. சிவப்பு. எடுத்து, எஸ் கோலின் பிடியில், ஆடுகிறவர் வயிற்றைப் பார்த்திருக்கும் அடிமுனையில், கடுகளவு ஒரு பொட்டு வைத்தார். வைத்த பொட்டு தமக்கே அழகாகத் தோன்றியது. குப்பியை மூடி, இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே வைத்தார். பல் பிடுங்கும் கை. சந்தேகமே வரக்கூடாது என்று மூடியைக் கொஞ்சம் அழுத்தித்தான் முறுக்கினார்.

மறுநாள் காலை அம்மையார் அந்தக் குப்பியோடு வந்தார்.

“ஏங்க, இதைக் கொஞ்சம் திறந்து குடுங்க. மூடி இறுகிக் கெடக்கு. நான் மூடினா இப்படி இறுகாதே.”

“வெயில்ல விரிஞ்சிருக்கும்,” என்றார் டாக்டர். ஒரே முறுக்கில் திறந்து கொடுத்தார். “இதுக்குத்தான் வீட்ல ஒரு ஆம்பளை வேணும்கிறது.”

“ஆமா,” என்றார் அம்மையார். குப்பியை மட்டுமல்ல, பக்கத்தில் இருந்த, பூச்சைத் துடைக்கும் நீரையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு போனார். சற்று நேரத்தில் வீட்டில் அந்த நீரின் காரமான வாடை வீசியது. மனைவி நகத்துக்கு அழகு செய்துகொள்கிறாள் என்று டாக்டர் மகிழ்ந்தார். பொட்டைப் பற்றி அவள் ஒன்றும் அறியாள் என்று நினைத்து மேலும் மகிழ்ந்தார்.

சனிக்கிழமை மாலை ஏழாம் குழியில் ஆள் நடமாட்டம் இல்லை. குளம் வாயைத் திறந்து காத்திருந்தது. சகலை தம்முடைய ஹைபிரிட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து நின்றார். அந்தக் கோலின் தண்டில், பிடிக்குக் கீழே, நெடுங்காலமாக ஒரு கறுப்பு டேப் சுற்றியிருக்கும். கேட்டால் ராசி என்பார்.

“என்ன சகலை, இன்னிக்கு மீனுக்கு விருந்தா?”

“இன்னிக்கு மீனெல்லாம் விரதம்,” என்றார் டாக்டர்.

அம்மையார் பெஞ்சில் கோல்களை வரிசையாக வைத்துக்கொண்டு, கடையில் கண்ணாடிவில்லை மாற்றுகிறவரைப் போல முதல் கோலை நீட்டினார். டாக்டர் அடிமுனையைப் பார்த்தார். பொட்டு இல்லை. சுமாராக வீசினார். பந்து கரையோரச் சேற்றில் சொருகிக்கொண்டது.

“எப்படி இருக்கு?”

“நடுத்தரம். இது ஆரா இருக்கும்.”

இரண்டாவது கோல் வந்தது. அதிலும் பொட்டு இல்லை. அப்படியானால் இதுதான் அந்த எல். டாக்டர் அதை இரண்டு விரலால் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வீசினார். கை மணிக்கட்டில் ஜிவ்வென்று ஓர் அதிர்வு ஏறியது. பந்து தவளையைப் போல இரண்டு தாவல் தாவித் தண்ணீரில் விழுந்தது.

“இது?”

“இதெல்லாம் ஒரு கோலா? ரிப்பன். கொழகொழன்னு வளையுது. பிடிச்ச உடனே தெரியுதே, இது பெண்களுக்கு.”

“அப்படியா?” என்றார் அம்மையார். மூன்றாவது கோலைக் கொடுத்தார்.

அடிமுனையில் செக்கச் செவேலென்று பொட்டு. டாக்டரின் உடம்பு நிமிர்ந்தது. செங்கோல் ஏந்திய மன்னனின் மிடுக்கு வந்தது. இது கெட்டித் தண்டு, இனிக் குளத்துக்கு என்ன பயம் என்ற எண்ணமே தோளை இளக்கிவிட்டது. நிதானமாகத் தூக்கி, நிதானமாக வீசினார். பந்து எழுந்தது. குளத்தின் மேல் ஒரு வெள்ளைப் பறவையாகப் போயிற்று. அக்கரைப் புல்லில், கொடிக்கம்பத்துக்குச் சற்றுத் தள்ளி, மெத்தென்று இறங்கிற்று.

சகலை தோளில் இருந்த கோலைக் கீழே இறக்கினார்.

டாக்டருக்குப் பேச்சு பொங்கி வந்தது. வந்தது நிற்கவில்லை.

“பாத்தீங்களா சகலை? இதுதான் கெட்டி. கையில எடுத்ததுமே எலும்புல தெரியுது. சொன்னா நம்ப மாட்டேன்னாங்க. உலக்கைன்னாங்க. கைக்குப் பலம் இருந்தா உலக்கையும் புல்லாங்குழல்தான். இதுதான் என் கோல். இதுக்குப் பேர் எஸ்.”

“நிச்சயமா இதுதானா? மாத்திச் சொல்ல மாட்டீங்களே?” என்று கேட்டார் அம்மையார்.

“சகலை சாட்சி.”

“சாட்சி,” என்றார் சகலை.

அம்மையார் டேப்பை மெல்லப் பிரித்தார். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையை ஓர் அடி தள்ளிக் காட்டுவதைப் போல, கோலை டாக்டரின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“வாசிங்க.”

எல்.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வாசித்தார். எல்தான். அம்மையார் ரிப்பன் என்று பெயர் வாங்கிய கோலையும் பிரித்துக் காட்டினார். எஸ்.

“அது எப்படி? நான்தான்…” என்று தொடங்கிய டாக்டர், வாயை மூடிக்கொண்டார். நான்தான் பொட்டு வைத்தேனே என்று சொன்னால் பரணோடு போகாது, மானமும் போகும். பொட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அம்மையாரின் முகம் கழுவிய பளிங்காக இருந்தது.

“நீங்கதான்?” என்று கேட்டார்.

“நான்தான் தேர்ந்தெடுத்தேன்னு சொல்ல வந்தேன்.”

சாமான் அறையில் வெளிச்சம் போதவில்லை, எழுத்தைத் தாமே மாற்றிப் படித்துவிட்டோம் என்று டாக்டர் தம்மைத் தேற்றிக்கொண்டார். ஊர்ப் பல்லையெல்லாம் துருவிப் பார்க்கும் கண்ணுக்கு ஓர் எழுத்து தெரியவில்லை. அதற்குள் சகலையின் சிரிப்பு குளக்கரை முழுதும் உருண்டது.

“சகலை, எல்லா? லேடீஸா? நாளைக்குக் கிளப்புல சொன்னா…”

“அத்தான்,” என்றார் அம்மையார், மரியாதை குறையாமல். “உங்க கோல்லயும் ஒரு கறுப்பு டேப் இருக்கே.”

சிரிப்பு நின்றது.

“அது பிடிப்புக்கு.”

“பிடி மேல இல்ல இருக்கு? இது கீழ சுத்தியிருக்கு. போன வாரம் ராசின்னீங்களாம். அக்கா சொன்னா, கடையில வாங்கின அன்னிக்கு அந்த டேப் இல்லையாம். பிரிச்சுப் பாக்கலாமா?”

சகலைக்குக் கட்டடத்தில் சிமென்ட் வந்து இறங்கும் நேரம் நினைவுக்கு வந்தது. கோலை மார்போடு அணைத்துக்கொண்டு, கிளப்பில் எதையும் சொல்லும் எண்ணத்தை அந்தக் குளத்திலேயே விட்டுவிட்டு நடந்தார்.

வீடு திரும்பும் வழியில் வண்டியை அம்மையார் ஓட்டினார். டாக்டர் இளந்தண்டை மடியில் வைத்திருந்தார். தோற்றவர்தான், ஆனால் பந்து அக்கரையில் இறங்கிய அந்த மெத்தென்ற ஓசை இன்னும் காதில் இருந்தது. அதைத் தோல்வி என்று முழுதாகச் சொல்லவும் மனம் வரவில்லை.

“எல்லுன்னா லேடீஸ் மட்டும் இல்ல,” என்றார் சாலையைப் பார்த்தபடி. “பழைய தமிழ்ல எல்லுன்னா ஒளி. சூரியனுக்கே அதுதான் பேர்.”

“ரொம்ப நல்லதாப் போச்சு. பரண் இருட்டாக் கெடக்கு. நீங்களே வெளிச்சத்தோட ஏறிடுங்க.”

“எப்படி இவ்வளவு நிச்சயமா இருந்தே? நான் எஸ்ஸை எடுத்திருந்தா?”

“கெட்டி வேற, கெட்டிக்காரத்தனம் வேறங்க,” என்றார் அம்மையார். கியரை மாற்றினார். விளக்கம் அத்தோடு முடிந்தது. கியரின் மேல் இருந்த அந்த நகங்களில் பூச்சே இல்லை என்பதைக் கவனிக்க டாக்டருக்கு அப்போது மனம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிந்தது. ஆட்டத்துக்கு ஏற்ற வானம், மேகமில்லை, காற்றில்லை. டாக்டர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏணியின் உச்சிப்படியில் நின்றார். சிலந்திகள் விருந்தாளியைப் பார்க்க வெளியே வந்தன. கீழிருந்து மனைவி நீட்டிய ஒட்டடைக்கோலை வாங்கினார். பழக்கம் விடவில்லை, இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பைச் சற்றே திருப்பி, அடிமுனை வயிற்றைப் பார்க்கும்படி வாகாக நிறுத்தினார்.

அடிமுனையில் கடுகளவு ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது.

டாக்டர் மெல்லக் கீழே குனிந்து பார்த்தார். அம்மையார் ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து சொன்னார்:

“உங்க கோல் எதுன்னு தெரியாம நீங்க தடுமாறக் கூடாதில்ல? அதான் உங்க வழக்கப்படியே வச்சுட்டேன்.”